பஸ்ராவுக்குப் போன கொள்ளுத்தாத்தாவை எங்கே தேடுவது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வட ஆற்காடு பக்கத்துக் குடும்பம். கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பியும் ‘ஜெர்மன் சண்டை’க்கு, அதாவது முதல் உலகப் போருக்குப் போனார்கள். அண்ணன் இராக்கில் இருக்கும் பஸ்ராவிலிருந்து திரும்பி வந்து, நிலம் வாங்கி, பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தம்பி வரவே இல்லை. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு வெள்ளி மெடல், ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள். அது போக, ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஊரில் இன்னும் வழங்கும் பெயர். லண்டனுக்கு எழுதினால் கொள்ளுத்தாத்தாவின் சர்வீஸ் ரெக்கார்டு வருமா என்பது கேள்வி.

வராது. பலரும் இதில்தான் முதல் ஆறு மாதத்தை வீணாக்குகிறார்கள், நானும் வீணாக்கியிருக்கிறேன். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் மலைபோல இருக்கின்றன. ஆனால் தனி ஆள் விவரம் என்று பார்த்தால் அதில் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் ஐரோப்பியச் சிப்பாய்களும்தான். கருப்புச் சிப்பாயின் சர்வீஸ் ஏடு அவன் சேர்ந்த ரெஜிமென்ட்டிலேயே, அதாவது இந்தியாவிலேயே இருந்தது. ரெஜிமென்ட் கலைந்தால் ஏடும் கலைந்தது.

பஞ்சாபிகளுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் தூங்கிக்கொண்டிருந்த முதல் உலகப் போர்ப் பதிவேடுகள், ஊர் வாரியாக ஏறக்குறைய 3,20,000 பேருடைய விவரங்களோடு வெளியே வந்தன. 2021-இல் அவற்றில் ஒரு பகுதியை இணையத்திலும் ஏற்றினார்கள். இங்கிலாந்தில் இருக்கும் பஞ்சாபிப் பிள்ளைகள் ஊர்ப் பெயரைத் தட்டி ‘என் பாட்டனார்’ என்று அழுததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். சென்னை மாகாணத்துக்கு அப்படி ஒரு பதிவேடு இணையத்தில் இல்லை. அதனால் நாம் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

கொள்ளுத்தாத்தாவைத் தேடுவதற்கு முன்னால் அவருடைய தம்பியைத் தேடுங்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் இந்தத் துறையில் இதுதான் நடைமுறை. செத்தவனுக்குக் கணக்கு இருக்கிறது, திரும்பி வந்தவனுக்கு இல்லை. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை படைப் பணியில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பட்டியல் வைத்திருக்கிறது. அதன் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒவ்வொரு பெயருக்கும் படை எண், பதவி, ரெஜிமென்ட், இறந்த தேதி இருக்கும். பல இந்தியப் பெயர்களுக்குக் கீழே ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா’ என்ற ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரிதான் நமக்குத் தங்கம்.

அங்கே பெயரைப் போட்டுத் தேடத் தொடங்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். நம் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரனோ, அவனுக்குக் கீழே இருந்த வடக்கத்திக் குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமியை ‘எம்-யு-என்’ என்று தொடங்கித் தேடுவோம், பட்டியலில் ‘எம்-ஓ-ஓ-என்’ என்று இருக்கும். சாமி என்பது ஸ்வாமி, சாமி, சாமே, சவுமி என்று நாலு வேஷம் போடும். ழகரம் உள்ள பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இனிஷியல் கிடையாது. ஒரே கம்பெனியில் ஏழு ராமசாமி.

அதனால் பெயரை விட்டுவிட்டு, மேம்பட்ட தேடலில் ‘கூடுதல் தகவல்’ என்ற கட்டத்தில் ஜில்லா பெயரைப் போடுங்கள். உங்களுக்கு ‘ஆற்காடு’. வடக்கா தெற்கா என்று பிரிக்காமல் முதலில் ஆற்காடு மட்டும். நாடு என்ற இடத்தில் இராக். வருகிற பட்டியலைப் பொறுமையாக உட்கார்ந்து, தகப்பன் பெயரை வைத்து வடிகட்ட வேண்டும். தகப்பன் பெயர் தெரியாவிட்டால் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் அதைக் கேளுங்கள். எங்கள் பக்கம் பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கிற வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால் பாதி விடை உங்கள் தாத்தாவின் பெயரிலேயே கிடைக்கும்.

ஜில்லா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று சொல்வதெல்லாம் அன்று பெரும்பாலும் வட ஆற்காடு. சித்தூரும் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது, தலைநகரமே அதுதான். தர்மபுரி அன்றைக்குச் சேலம் ஜில்லா. ஆகவே ஊரின் இன்றைய மாவட்டத்தைப் போட்டுத் தேடி ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தம்பி பஸ்ரா பக்கம் இறந்திருந்தால் பெரும்பாலும் பஸ்ரா நினைவுச் சின்னத்தின் கணக்கில் இருப்பார். கல்லறை தெரியாமல்போன 40,000-க்கும் அதிகமானவர்களுக்காக 1929-இல் திறந்துவைத்தது அது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் உங்கள் சின்னக் கொள்ளுத்தாத்தா பெயர் அங்கே இருக்காது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் செதுக்கினார்கள். இந்திய அதிகாரிகளுக்கும், அதாவது ஜமேதார், சுபேதார்களுக்கும் செதுக்கினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் பெயரைப் போட்டு, அதன் கீழே எத்தனை பேர் என்று ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். இது தற்செயல் அல்ல, அன்றே எடுத்த முடிவு. ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் இல்லாத பெயர்கள் அச்சிட்ட பதிவேட்டில் இருந்தன, அங்கிருந்துதான் இணையத்துக்கு வந்திருக்கின்றன. அந்த நினைவுச் சின்னமும் இன்று பழைய இடத்தில் இல்லை. சதாம் காலத்தில், 1997-இல், நகரத்துக்கு வெளியே நசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

இறந்த தேதியைப் பார்த்து ‘அன்றைக்கு எந்தச் சண்டையும் இல்லையே’ என்று குழம்ப வேண்டாம். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், நோய் கொன்றது ஏராளம். காலரா, வெக்கை. 1916-இல் காய்கறி கிடைக்காமல் இந்தியச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கி ரத்தம் வடிகிற நோய். எலுமிச்சையும் கீரையும் இருந்தால் வராதது.

சரி, அண்ணனுக்கு வருவோம்.

உங்கள் கையில் இருக்கும் வெள்ளி மெடல் ‘பிரிட்டிஷ் வார் மெடல்’. குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜ். குதிரையின் காலடியில் ஒரு கேடயமும் மண்டையோடும் தெரியும். இதோடு வெண்கலத்தில் இறக்கை வைத்த பெண் உருவத்தோடு ‘விக்டரி மெடல்’ ஒன்றும் கொடுத்திருப்பார்கள். அது உங்கள் பெரியப்பா, அத்தை வழி வீடுகளில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போயிருந்தால் ஒரு நட்சத்திரமும் உண்டு. வெள்ளி மெடல் பல வீடுகளில் கொலுசாகிவிட்டது. ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் நல்ல வெள்ளி, பஞ்ச காலத்தில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? உங்கள் வீட்டில் மிஞ்சியதே பெரிய விஷயம்.

ராஜாவையும் குதிரையையும் விடுங்கள். மெடலின் விளிம்பைப் பாருங்கள், காசின் ஓரம் போல இருக்குமே, அந்த இடம். அங்கே பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் அடித்திருப்பார்கள். கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அரசாங்கம் உங்கள் வீட்டுக்கு எழுதிக்கொடுத்த ஒரே வரி அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை எப்படிப் படிப்பது? முதலில் இருப்பது படை எண். அன்று ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தனக்கென்று எண் போட்டது, ஆகவே 2417 என்ற எண்ணில் பத்து ரெஜிமென்ட்டில் பத்து பேர் இருப்பார்கள். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தது பதவி. காலாட்படை என்றால் சிப்பாய், பொறியாளர் படை என்றால் சாப்பர், வண்டியோ கோவேறு கழுதையோ ஓட்டியவர் என்றால் டிரைவர். பிறகு பெயர், அந்தக் காதில் விழுந்த எழுத்துக்கூட்டலில். கடைசியில் சுருக்கெழுத்தில் படைப்பிரிவு. ‘2’ என்று போட்டு ‘க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’ என்று இருந்தால் அவர் விக்டோரியா ராணி பெயர் தாங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பெங்களூர். 1780-இல் தொடங்கிய படை. அதிகாரிகள் அந்தச் சிப்பாய்களை இன்றுவரை ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் ஆள் எடுத்த படை இது. அதனால் உங்கள் மெடலிலும் இதுவே இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

‘பயனியர்ஸ்’ என்று இருந்தால் 61, 64, 81 ஆகிய மூன்றில் ஒன்று. ரோடு போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, தேவைப்பட்டால் சண்டையும் போடுவது. ‘கர்நாடிக் இன்ஃபன்ட்ரி’ என்று இருந்தால் மெட்ராஸ் காலாட்படை. இங்கே எண்கள் ஒரு குழப்பம். மெட்ராஸ் காலாட்படைக்கு 1903-இல் அன்றைய தலைமைத் தளபதி கிச்சனர் பழைய எண்ணோடு 60 கூட்டிவிட்டார். அதற்கு முன் 3-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று இருந்தது 63 ஆனது, 13 என்பது 73 ஆனது. ஆகவே எள்ளுத்தாத்தா காலத்துக் காகிதத்தில் ஒரு எண், கொள்ளுத்தாத்தா மெடலில் வேறு எண் என்றால் இரண்டும் ஒரே ரெஜிமென்ட்டாக இருக்கலாம். இன்னொரு பக்கம் 67, 69, 72 என்ற எண்களில் ‘பஞ்சாபிஸ்’ என்று பார்ப்பீர்கள். அவையும் ஒரு காலத்தில் மெட்ராஸ் படைகள்தான். ராபர்ட்ஸ் என்ற தளபதி தென்னிந்தியன் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டினார். அந்த எண்ணம் பரவி, தமிழனையும் தெலுங்கனையும் எடுத்துவிட்டு உள்ளே பஞ்சாபிகளை நிரப்பினார்கள். தாத்தா பஞ்சாப் ரெஜிமென்ட்டில் இருந்தார் என்று குடும்பத்தில் சொன்னால் உடனே சிரிக்காமல், எந்த வருஷம் என்று கேளுங்கள்.

63-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அந்தத் தாக்குதல் மொத்தமும் படுதோல்வி. 63 கலைந்து ஓடியது என்று இங்கிலீஷ் வரலாறுகள் இன்றும் எழுதுகின்றன. வாரக்கணக்கில் ரயிலிலும் கப்பலிலும் அடைத்து வைத்து, கடல் நோயோடு இறக்கி, முன்பின் தெரியாத காட்டில் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே நிறுத்தினால் யாரும் ஓடுவார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் யாராவது முன்னோர் டாங்காவில் இருந்தார் என்று கண்டுபிடித்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

இனி என் வீட்டுக் கதை, ஏனென்றால் உங்களுக்கும் இது நடக்கக்கூடும். எங்கள் கொள்ளுத்தாத்தாவைச் ‘சுபேதார் தாத்தா’ என்று சொல்லி வளர்த்தார்கள். முண்டாசு கட்டிய ஒரு போட்டோவும் உண்டு, ஓரத்தைக் கரையான் தின்றது. அறுபதுகளில் என் சித்தப்பா ஒருவர் மெடலின் விளிம்பை லென்ஸ் வைத்துப் படித்திருக்கிறார். பதவி என்ற இடத்தில் ‘பேரர்’ என்று இருந்தது. அவருக்குத் தெரிந்த பேரர் எல்லாம் கிளப்பில் தட்டில் டீ கொண்டுவருகிறவர். சுபேதார் பேரன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர் மெடலை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டார். அவர் காலமான பிறகுதான் சித்தி அதை எடுத்துக்கொடுத்தார்.

நான் பார்த்தபோது ‘பேரர்’ என்பதற்குப் பின்னால் ‘ஏ.பி.’ என்று தொடங்கும் சுருக்கெழுத்து இருந்தது. ஆர்மி பேரர் கோர். அடிபட்டவனை டோலியிலோ ஸ்ட்ரெச்சரிலோ போட்டுத் தூக்கிவரும் படை. குண்டு விழுகிற இடத்துக்குள் போவான், அவன் கையில் மட்டும் துப்பாக்கி இருக்காது. 1920-இல் அதைக் கலைத்து இந்தியன் ஹாஸ்பிடல் கோரில் சேர்த்தார்கள். சித்தப்பா டீ பேரர் என்று வெட்கப்பட்டு ஒளித்துவைத்தது அதைத்தான். சுபேதார் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. போட்டோகிராபர் கொடுத்த முண்டாசிலிருந்து வந்திருக்கலாம்.

மெசபடோமியாவுக்கு இந்தியாவிலிருந்து போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் துப்பாக்கி பிடிக்காதவர்கள். சமையல்காரர், தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, துப்புரவாளர், தோபி, படகோட்டி, ரயில் பாதை போடுகிறவர், போர்ட்டர். தண்டனைக் குறைப்பு என்று சொல்லிச் சிறைக் கைதிகளைக்கூடக் கூலிப் படையாக அனுப்பினார்கள். அதனால் விளிம்பில் ‘லேபர் கோர்’, ‘போர்ட்டர் கோர்’, ‘ஐ.டபிள்யூ.டி.’, ‘எஸ். அண்ட் டி.’ என்றெல்லாம் இருந்தால் அவர் பட்டாளத்தார் இல்லை என்று அர்த்தமில்லை. முதலாவதும் இரண்டாவதும் கூலிப் படை. மூன்றாவது ஆற்றுப் போக்குவரத்து, டைக்ரிஸ் ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகள். நான்காவது தீனியும் வண்டியும். இவர்களில் பலருக்குக் கொடுத்த வார் மெடல் வெள்ளியில் இல்லை, வெண்கலத்தில். உங்களுடையது வெள்ளி என்பதால் அவர் படைப்பதிவு பெற்றவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படைப்பிரிவு தெரிந்துவிட்டால் அடுத்து என்ன? மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் உங்களுக்கு யோகம். அது இன்று மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்ற பெயரில் பெங்களூரில் உயிரோடு இருக்கிறது. ஆவண அலுவலகமும் உண்டு, அருங்காட்சியகமும் உண்டு. பென்ஷன் வாங்காமல் விலகியவரின் தனிக் கோப்பை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ நடைமுறை. ‘லாங் ரோல்’ என்ற ஆள் பட்டியல்தான் நிரந்தரம். ஆகவே கடிதம் எழுதும்போது ‘முழு விவரமும் வேண்டும்’ என்று எழுதாமல், ‘லாங் ரோலில் இந்த எண்ணுக்கு எதிரே உள்ள பதிவின் நகல்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். மெடல் விளிம்பின் போட்டோவையும் நீங்கள் வாரிசு என்பதற்கான சான்றையும் சேர்த்து அனுப்புங்கள். நான் ஒரு அலுவலகத்துக்கு முதல் கடிதத்தில் எங்கள் குடும்ப வரலாற்றை மூன்று பக்கம் எழுதினேன். பதிலே இல்லை. இரண்டாவது கடிதம் நாலு வரி, எண்ணோடு. ஏழு வாரத்தில் பதில் வந்தது. ‘பதிவு இல்லை’ என்ற பதில்தான், ஆனாலும் வந்தது.

கர்நாடிக் காலாட்படை என்றால் கதை வேறு. 1922-இல் அவற்றில் மிஞ்சியவற்றை 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று ஒன்றாகக் கட்டி, அந்தப் பத்தாண்டுக்குள் ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். பயனியர்களை 1933-இல் கலைத்தார்கள். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் இரண்டாம் உலகப் போரின்போது மறுபடி எழுப்பியது. ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாம், நம்பிக்கை வைக்க வேண்டாம்.

அவர் ஜமேதார், சுபேதார் ஆகியிருந்தால் மட்டும் சுலபம். ‘இந்தியன் ஆர்மி லிஸ்ட்’ என்று அவ்வப்போது அச்சிட்ட புத்தகத்தில் ரெஜிமென்ட் வாரியாக இந்திய அதிகாரிகளின் பெயரும் பதவி பெற்ற தேதியும் இருக்கும். பல ஆண்டுகளின் பிரதிகள் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. வீரப் பதக்கம் பெற்றிருந்தால் கெஜட்டில் வந்திருக்கும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய கெஜட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்திலும் ராணுவத் துறைக் கோப்புகள் உண்டு, ஆனால் அவை கொள்கை, செலவு, கப்பல், கோதுமை பற்றிப் பேசுமே தவிர உங்கள் தாத்தாவைப் பற்றிப் பேசாது.

ஆளைப் பற்றிக் காகிதம் கிடைக்காதபோது அவர் இருந்த கம்பெனியைப் பின்தொடர்வதுதான் வழி. லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், முதல் உலகப் போரின் ‘வார் டைரி’கள் இருக்கின்றன. போர்முனையில் ஒவ்வொரு படைப்பிரிவும் தினமும் எழுதியது. மெசபடோமியாவுக்குப் போன இந்தியப் படைகளுடையதும் அதில் உண்டு. சிப்பாயின் பெயர் எங்கும் வராது. அதிகாரிக்குச் சளி பிடித்தால் பெயரோடு எழுதுவார்கள், சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள். ஆனாலும் இந்தத் தேதியில் எந்த ஊரில் முகாம், எத்தனை மைல் நடந்தார்கள், எந்த வாய்க்காலுக்குப் பாலம் போட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். உங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டில் சொன்ன கதைகளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில கதைகள் அச்சாகப் பொருந்தும், சில சுத்தப் புளுகாக இருக்கும். இரண்டுமே சுவைதான்.

மிச்சமெல்லாம் ஊரில்தான். பழைய சாவடி, பள்ளிக்கூடம், சர்க்கார் கச்சேரி இவற்றின் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். ‘இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்’ என்று இங்கிலீஷில் இருக்கும். இந்தியா முழுக்க இப்படிக் கல் வைத்தார்கள், நம் பக்கத்திலும் வைத்தார்கள். வருஷா வருஷம் வெள்ளையடித்து எழுத்து மூடியிருக்கும். பெயர் இருக்காது, எண்ணிக்கைதான். ஆனால் உங்கள் ஊரில் அந்தக் கல்லில் உயிர் நீத்தவர் 1 என்று இருந்தால், அது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இறந்த தம்பிக்காக வீட்டுக்கு ஒரு வெண்கல வட்டம் வந்திருக்க வேண்டும். ஒரு சாண் இருக்காது, 12 சென்டிமீட்டர். சிங்கம், பக்கத்தில் சூலம் பிடித்த பெண், ஒரு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர். பதவி, ரெஜிமென்ட் எதுவும் இருக்காது. இது என்னவென்று தெரியாமல் செம்புக்கு மூடியாக வைத்திருந்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். பரணில் கிடக்கும் பித்தளைச் சாமான்களை ஒரு தரம் கொட்டிப் பாருங்கள்.

கொள்ளுத்தாத்தா நிலம் வாங்கினார் என்றீர்கள். எந்த வருஷம்? சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் கிரயப் பத்திரத்தின் நகல் எடுங்கள். அந்தக் காலத்துப் பத்திரத்தில் வாங்கியவரின் தகப்பன் பெயர், சாதி, ஊர், தொழில் எல்லாம் எழுதும் வழக்கம் இருந்தது. தொழில் என்ற இடத்தில் பட்டாளம் என்றோ சிப்பாய் என்றோ ஒரு சொல் இருந்தால், அவர் வாயாலேயே அதைச் சொல்லி எழுதவைத்தார் என்று பொருள். அவரே பேசிய ஒரே ஆவணம் அதுவாக இருக்கலாம். நிலம் சர்க்கார் ஒப்படையாக வந்தது என்றால் கிராமத்து நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டின் குறிப்புப் பத்தியையும் பார்த்துவிடுங்கள்.

வருஷம் கண்டுபிடிக்க இன்னொரு வழி. பெரியவர்கள் இங்கிலீஷ் வருஷம் சொல்ல மாட்டார்கள், ‘ராட்சச வருஷம் போனார், சித்தார்த்தி வருஷம் வந்தார்’ என்பார்கள். ஆனந்த வருஷம் 1914 சித்திரையில் தொடங்கியது. அடுத்தடுத்து ராட்சச, நள, பிங்கள, காளயுக்தி, சித்தார்த்தி, ரௌத்திரி. ரௌத்திரி என்றால் 1920 சித்திரை முதல். அதுவும் நினைவில்லை என்றால், ‘எம்டன் குண்டு போட்டபோது அவர் ஊரில் இருந்தாரா?’ என்று கேளுங்கள். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22. ‘விஷக் காய்ச்சலில் அவர் அம்மா செத்தபோது அவர் இல்லை’ என்றால் அது பெரும்பாலும் 1918-இன் இன்ஃப்ளூயன்சா. போர் 1918-இல் முடிந்தும் அவர் 1920-இல்தான் வந்தார் என்றால் குழம்ப வேண்டாம். இராக்கில் 1920-இல் பெரிய கிளர்ச்சி நடந்தது, அதை அடக்க இந்தியப் படைகளை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். அதற்கு ‘இராக்’ என்று பட்டை போட்ட தனி மெடலே உண்டு.

இதைப் படிக்கிற மற்றவர்களின் தாத்தா இரண்டாம் உலகப் போர்க்காரராக இருந்தால் வேலை பாதிதான். பல படைப்பிரிவுகளின் ஆவண அலுவலகங்கள் இன்றும் இயங்குகின்றன. பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ. இறந்தவர்களுக்கு அதே கல்லறை ஆணையம், 1947 கடைசி வரை. இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் போரின் மெடலில் பெயர் அடிக்காமல் கொடுத்தார்கள், இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் அடித்தே கொடுத்தார்கள். ஒரு விஷயத்திலாவது நமக்கு லாபம். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் மினியானோ அருகே கண்ணிவெடிமேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி, ஜார்ஜ் கிராஸ் பெற்றார். மெட்ராஸ் சாப்பர்தான் அவரும். சிங்கப்பூரில் பிடிபட்டு ஐ.என்.ஏ.-வில், அதாவது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் என்றால் அது தனிக் கதை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். விளிம்பைப் படியுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் லேசாகத் தேயுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் அதை விபூதி போட்டுப் பளபளவென்று தேய்க்கிற அத்தையோ பாட்டியோ வீட்டில் இருந்தால், இந்த வருஷத்திலிருந்து மெடலை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். எங்கள் சித்தி தேய்த்த தேய்ப்பில் கொள்ளுத்தாத்தாவின் படை எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது. அது 38-ஆ 83-ஆ என்று நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.